பச்சை டிக்கை நம்பலாமா?

"ஒரிஜினல் எங்கப்பா?"

சான்றிதழோடு எந்தக் கவுண்ட்டரில் போய் நின்றாலும் நம்மைப் பார்த்துக் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று... எல்லாமே இப்போது இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து பி.டி.எஃப். ஃபைலாக வருபவை. அதில் பச்சை மைக் கையெழுத்து கிடையாது, ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. அதிகாரி கம்ப்யூட்டரிலேயே டிஜிட்டல் கையொப்பம் போட்டு முடித்துவிடுகிறார். அப்படியென்றால் ஒரிஜினல் எது? ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்த பிரிண்டா? அதை லேமினேட் செய்து அம்மா பீரோவில் வைத்திருக்கிறார்களே, அதுவா?

அந்த ஃபைல்தான் ஒரிஜினல். பிரிண்ட் என்பது அதன் படம். இதைக் கவுண்ட்டருக்கு உள்ளே இருப்பவருக்கும் யாரும் சொல்லவில்லை, வெளியே வரிசையில் நிற்கிற நமக்கும் யாரும் சொல்லவில்லை. மாணவ நண்பர்களே, என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றிதழைப் பேப்பரில் மட்டும் கேட்டு வாங்கும் அலுவலகம், பூட்டிய பெட்டியை போட்டோ எடுத்து வரச்சொல்லி, பூட்டு சரியாக இருக்கிறதா என்று அந்த போட்டோவை ஆட்டிப் பார்க்கும் அலுவலகம்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் காகிதம் என்றால் பயம். என் அப்பாயி கைநாட்டு வைத்த காலத்தில், வெற்றுப் பத்திரத்தில் ரேகையை வாங்கிக்கொண்டு தொகையைப் பிறகு எழுதிக்கொள்ளும் வட்டிக்காரர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள். ரேகை அப்பாயியுடையது, எழுத்து வேறொருவருடையது. கோர்ட்டுக்குப் போனாலும் "இது உன் ரேகைதானே?" என்றுதான் கேட்பார்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி வகுப்பு நடந்தபோது அப்பாயி கையெழுத்துப் போடப் பழகியதே இந்தப் பயத்தில்தான். ஆனால் கையெழுத்திலும் அதே ஓட்டை உண்டு. அது ஆளைக் காட்டும். அந்தத் தாளில் பிறகு யாராவது ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தார்களா என்று காட்டாது.

டிஜிட்டல் கையொப்பம் இந்த இடத்தில்தான் நம் பழைய கையெழுத்தைவிட ஒருபடி மேலே நிற்கிறது. அது ஆளோடு மட்டுமல்லாமல் எழுத்தோடும் கட்டப்பட்டது.

எப்படி என்று சொல்கிறேன். நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்களுக்கு இது தெரிந்திருக்கும், மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபைலில் உள்ள அத்தனை பைட்டுகளையும் ஒரு கணக்குக்குள் போட்டு அரைத்தால் ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு ஓர் எண் வரும். இதற்கு ஹாஷ் என்று பெயர். இன்று பரவலாகப் பயன்படும் எஸ்.எச்.ஏ-256 முறையில் அது 256 பிட் நீளம். ஃபைல் ஒரு பக்கமாக இருந்தாலும் ஆயிரம் பக்கமாக இருந்தாலும் அதே 256 பிட்தான். ஃபைலில் ஒரே ஒரு புள்ளியை மாற்றினாலும் வருகிற எண் ஆளே அடையாளம் தெரியாதபடி மாறிவிடும். அதிகாரி தன்னிடம் உள்ள இரகசியச் சாவியை வைத்து இந்த ஹாஷின் மேல் கையொப்பமிடுகிறார். அந்தச் சாவி யூ.எஸ்.பி. டோக்கன் ஒன்றில் இருக்கும், வெளியே எடுக்க முடியாது. அதற்கு ஜோடியான பொதுச் சாவி சான்றிதழ் வடிவில் ஃபைலுக்குள்ளேயே வரும். வாங்குகிறவர் ஃபைலை மறுபடி அரைத்துப் பார்க்க வேண்டும். வருகிற எண்ணும் கையொப்பத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் ஃபைலை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூன்று பேர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை இன்றைக்கும் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கையொப்பமும் அதே ஃபைலுக்குள்தானே இருக்க வேண்டும்? தன்னைத்தானே எப்படி அரைத்துக்கொள்ளும்? அதற்காக பி.டி.எஃப்.-க்குள் 'பைட்ரேஞ்ச்' என்று நான்கு எண்கள் எழுதியிருக்கும். இங்கிருந்து இவ்வளவு, பிறகு அங்கிருந்து இவ்வளவு என்று. நடுவில் விட்ட ஓட்டைக்குள் கையொப்பம் உட்காரும். அந்த ஓட்டையைத் தவிர மற்ற எல்லாமே அரைப்பில் சேரும். ரிஜிஸ்டர் பார்சலில் துணியைச் சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைப்பார்களே, அந்த மாதிரி. முத்திரை வைத்த பிறகு உள்ளே கை விட்டால் தையல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைக் காதால் கேட்டதோடு விட்டுவிட வேண்டாம் என்று லேபில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து செய்து பார்த்தோம். லினக்ஸில் பாப்ளர் என்ற இலவசத் தொகுப்போடு 'பி.டி.எஃப்.சிக்' என்று ஒரு கட்டளை வருகிறது. ஒரு காசு செலவில்லை. கையொப்பமிட்ட ஃபைலைக் கொடுத்தால் யார் போட்டது, எப்போது போட்டது, எந்த ஹாஷ் முறை, கையொப்பம் செல்லுமா, முழு ஃபைலும் கையொப்பத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று வரிசையாகச் சொல்லிவிடும். முதலில் மாற்றாத ஃபைலைக் கொடுத்தோம்: 'சிக்னேச்சர் இஸ் வேலிட்' என்றது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து நடுவில் ஒரே ஒரு பைட்டை மாற்றி சேவ் செய்துவிட்டுக் கொடுத்தோம்: 'டைஜஸ்ட் மிஸ்மேட்ச்' என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னது. மூன்றாவதாக, மாற்றாத ஃபைலைத் திறந்து 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' கொடுத்து புது ஃபைல் ஒன்று எடுத்தோம். கண்ணால் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கையொப்பக் கட்டம், பெயர், தேதி எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் கட்டளை என்ன சொன்னது தெரியுமா? இந்த ஃபைலில் கையொப்பமே இல்லை என்றது!

பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற கட்டம் கையொப்பமே அல்ல. அது வெறும் படம். அந்தப் படத்தை யார் வேண்டுமானாலும் வெட்டி எந்த ஃபைலிலும் ஒட்டலாம். பச்சை டிக்கையும் சேர்த்தே ஒட்டலாம்.

இனி நம் தலையில் விழுகிற விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத் தளங்கள் பலவற்றில் "200 கேபி-க்குள் இருக்க வேண்டும்", "எல்லாச் சான்றிதழ்களையும் ஒரே பி.டி.எஃப்.-ஆக இணைத்து ஏற்றவும்" என்று போட்டிருக்கும். நாம் என்ன செய்கிறோம்? பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் கொடுக்கிறோம். அவர் ஏதோ ஒரு இலவசத் தளத்தில் போட்டு அமுக்கித் தருகிறார், இல்லை நாலைந்து ஃபைல்களை மெர்ஜ் பண்ணித் தருகிறார். அமுக்கினாலும் சேர்த்தாலும் ஃபைல் புதிதாக எழுதப்படுகிறது, அந்த நொடியிலேயே கையொப்பம் போச்சு. அதாவது, அரசாங்கம் முத்திரை வைத்துக் கொடுத்த பார்சலை, இன்னொரு அலுவலகம் "பிரித்துச் சின்னதாகக் கட்டி எடுத்து வா" என்கிறது. பிரித்துக் கொண்டுபோனால் வேறொரு மேஜையில் "முத்திரை எங்கே?" என்று கேட்கிறார்கள். தப்பு யாருடையது? ஏழைப் பையன் தலையில்தான் விடியும். கூடவே இன்னொன்று: சாதிச் சான்றையும் ஆதாரையும் முகம் தெரியாத ஒரு தளத்தில் ஏற்றுகிறோமே, அது அங்கே என்ன ஆகிறது என்று யாராவது கேட்டதுண்டா?

என் சித்தி மகளுக்கு நடந்தது வேறு ரகம். அவள் எடுத்துப்போன பிரிண்டில் கையொப்பக் கட்டத்துக்குள் மஞ்சள் கேள்விக்குறி போட்டு 'சிக்னேச்சர் நாட் வெரிஃபைட்' என்று அச்சாகியிருந்தது. ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு, "இது வெரிஃபை ஆகலம்மா, வேற வாங்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சித்திக்கு அரை நாள் கூலி போனது. அந்த வாசகத்துக்கு 'இது போலி' என்று அர்த்தமே கிடையாது. 'இந்தக் கம்ப்யூட்டரில் இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை' என்றுதான் அர்த்தம். சரிபார்க்க வேண்டியவர் அதை வாங்குகிறவர். கணக்கு வாத்தியார் விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டு "இன்னும் திருத்தவில்லை, அதனால் நீ ஃபெயில்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்குறி ஏன் வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கையொப்பம் சரியா என்பது ஒரு கேள்வி. போட்டவர் உண்மையில் அவர்தானா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கணக்கு பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஒரு சங்கிலி வேண்டும். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அக்டோபர் 17-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, டிஜிட்டல் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பும் வந்தது. அந்தச் சட்டத்தின்படி டில்லியில் சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர், சுருக்கமாக சி.சி.ஏ., என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. அது உரிமம் கொடுத்த அமைப்புகள்தான் அதிகாரிகளுக்குக் கையொப்பச் சான்றிதழ் வழங்கலாம். அதிகாரிக்கு அமைப்பு சாட்சி, அமைப்புக்கு சி.சி.ஏ. சாட்சி. உச்சியில் இருக்கும் சி.சி.ஏ.-வின் வேர்ச் சான்றிதழ் நம் கம்ப்யூட்டரில் உள்ள ரீடருக்குத் தெரிந்தால் பச்சை டிக் வரும். தெரியாவிட்டால் கேள்விக்குறி. விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் நம்ம ஊரில் இதற்கு வைத்தியம் வேறு. கேள்விக்குறி மேல் ரைட் கிளிக் பண்ணு, பிராபர்ட்டீஸ் போ, 'நம்பிக்கைக்குரியவர் பட்டியலில் சேர்' என்பதை அழுத்து, ஓகே ஓகே கொடு, டிக் வந்துடும் என்று மனப்பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். இதற்கென்று இருபது ரூபாய் வாங்குகிற கடையும் உண்டு. இதைவிட ஆபத்தான பழக்கம் கிடையாது என்பேன். ஏன் என்றால், 'வட்டாட்சியர்' என்று பெயர் போட்டு ஒரு சான்றிதழை நானே என் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் செய்துகொள்ள முடியும். அதை வைத்து ஒரு ஃபைலில் கையொப்பமும் போட முடியும். ரீடர் அதற்கும் கேள்விக்குறிதான் காட்டும். அதையும் ரைட் கிளிக் பண்ணி 'நம்பு' என்று சொல்லிவிட்டால் அதற்கும் பச்சை டிக் வரும்! வாசலில் நிற்பவர் யார் என்று கேட்காமல் கதவைத் திறந்துவிட்டு, 'உள்ளே வந்துவிட்டாரே, நம்மாள்தான்' என்பது மாதிரி. சரியான முறை, சி.சி.ஏ.-வின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து வேர்ச் சான்றிதழை எடுத்து, அதன் கைரேகை எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, அதை மட்டும் ஒருமுறை சேர்த்துக்கொள்வது. பிறகு அந்தச் சங்கிலியில் வரும் சான்றிதழ்களுக்கு டிக் தானே வரும். போலிக்கு வராது. அப்போதுதான் டிக்குக்கு மதிப்பு.

டிக்கைக் காட்டும் மென்பொருளே ஏமாந்த கதையும் உண்டு. 2019-ல் ஜெர்மனியில் போகும் நகரின் ரூர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், கையொப்பமிட்ட ஒரு பி.டி.எஃப்.-ஐ எடுத்து, கையொப்பம் செல்லும் என்று காட்டிக்கொண்டே உள்ளே இருப்பதை மாற்ற முடியுமா என்று சோதித்தார்கள். கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் 22 பி.டி.எஃப். ரீடர்களில் 21 ஏமாந்தன! ஒரு லட்சம் கோடி டாலர் ரீஃபண்ட் கொடுப்பதாக மாற்றிய ஆவணத்தையும் 'செல்லும்' என்று காட்டியதாம். அவர்கள் கணக்கை உடைக்கவில்லை. பி.டி.எஃப்.-ல் பழைய ஃபைலை அழிக்காமல் வாலில் புதிய பகுதியைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று ஒரு வசதி இருக்கிறது. பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தாளை ஒட்டுவது போல. முத்திரைக்கு வெளியே ஒட்டிய அந்தத் தாளை ரீடர்கள் கவனிக்கவில்லை. அடுத்து 2020-ல் அதே பல்கலைக்கழகத்தார் இன்னொன்றைக் காட்டினார்கள். கையொப்பம் வாங்குவதற்கு முன்பே ஃபைலுக்குள் வேறு எழுத்தை ஒளித்து வைத்து, கையொப்பம் ஆன பிறகு அதை மேலே கொண்டுவருவது. 'நிழல் தாக்குதல்' என்று பெயர் வைத்தார்கள். சோதித்த ரீடர்களில் பாதிக்கு மேல் இதில் விழுந்தன. இதைப் படித்தபோது எனக்கு அப்பாயியின் வெற்றுப் பத்திரம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வட்டிக்காரர் ஜெர்மனி வரைக்கும் போயிருக்கிறார்!

ரீடர் நிறுவனங்கள் இந்த ஓட்டைகளுக்குத் திருத்தம் வெளியிட்டன. ஆனால் பத்து வருடமாக அப்டேட் செய்யாத ரீடரை வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் அந்தத் திருத்தம் எப்படி வரும்? ஹாஷ் முறைகளும் வயதாகிச் சாகின்றன. எஸ்.எச்.ஏ-1 என்ற பழைய முறையில், உள்ளே வேறு வேறாக இருக்கும் இரண்டு பி.டி.எஃப்.-களுக்கு ஒரே ஹாஷ் வரும்படி செய்து 2017 பிப்ரவரியில் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வகமும் காட்டிவிட்டன. சாட்சி சொல்லும் அமைப்பே கெட்டுப்போனதும் உண்டு. 2011-ல் நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற சான்றளிப்பு நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்து கூகுள் பெயரிலேயே போலிச் சான்றிதழ் எடுத்தார்கள். அந்த நிறுவனம் அதே வருடம் திவாலாகி மூடப்பட்டது.

"இவ்வளவு தலைவலி எதற்கு? சான்றிதழ் எண்ணை அரசுத் தளத்தில் தட்டினால் உண்மையா பொய்யா என்று வந்துவிடுகிறதே, க்யூ.ஆர். கோடு இருக்கிறதே?" என்று எங்கள் ஹாஸ்டல் நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, பேப்பர் மட்டும் கையில் இருந்தால் அதுதான் ஒரே வழி. ஆனால் க்யூ.ஆர். கோடு போகச் சொல்கிற இடத்துக்குத்தான் நம்மை அழைத்துப் போகும். அது அரசுத் தளமா, அதே மாதிரி வேஷம் போட்ட தளமா என்று முகவரியைப் படித்துப் பார்க்க வேண்டும். தவிர விண்ணப்பம் முடியும் கடைசி நாளில் தளம் மூச்சுத் திணறி நிற்பதை நாம் பார்த்ததில்லையா? ஃபைலில் உள்ள கையொப்பம் சேதப்படவில்லை என்பதைப் பார்க்க நெட் கூடத் தேவையில்லை. அதிகாரியின் சான்றிதழ் இடையில் ரத்தாகிவிட்டதா என்று பார்க்க மட்டும் நெட் வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கையொப்பம் சரியாக இருக்கிறது என்பதால் சான்றிதழில் எழுதியிருப்பது உண்மை என்று ஆகிவிடாது. ஐந்து லட்சம் சம்பாதிப்பவருக்கு 72,000 என்று வருமானச் சான்று கொடுத்து அதில் முறையாகக் கையொப்பமும் போட்டால், கம்ப்யூட்டர் 'செல்லும்' என்றுதான் சொல்லும். டோக்கனையும் அதன் பின் நம்பரையும் உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு ஓர் அதிகாரி கேம்ப் போய்விட்டால், அன்றைக்குப் போட்ட கையொப்பம் யாருடையது? கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. ஃபைலை நடுவில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு மட்டும்தான் அது ஜாமீன். கையொப்பச் சான்றிதழுக்கும் ஆயுள் உண்டு, நம் நாட்டில் அதிகபட்சம் மூன்று வருடம். நம்பகமான நேர முத்திரை சேர்க்காமல் கையொப்பமிட்டிருந்தால் நாலாவது வருடம் ரீடர் முரண்டு பிடிக்கலாம். சாதிச் சான்று ஆயுள் முழுக்கத் தேவைப்படுகிறதே! நேர முத்திரையும் சேர்த்துக் கொடுப்பது வழங்குகிறவர்களின் கடமை என்பது என் கட்சி.

விண்ணப்பத் தளம் நடத்துகிறவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. போனில் எடுக்கிற ஒரு போட்டோவே மூன்று நாலு எம்.பி. வருகிற காலத்தில், 200 கேபி-க்குள் அமுக்கு என்று ஏன் கேட்கிறீர்கள்? ஃபைலை வந்தபடியே, ஒவ்வொன்றாக ஏற்ற விடுங்கள். ஏற்றும்போதே கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலை எழுதுவது பெரிய விஷயம் இல்லை. கடைசி வருடப் புராஜெக்டாக எங்கள் வகுப்பிலேயே எழுதிவிடுவார்கள். அது முடிகிறவரைக்கும், பிரிண்டில் மஞ்சள் கேள்விக்குறி இருக்கிறது என்பதற்காக ஒருவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கவுண்ட்டர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போதும்.

நமக்குள்ளும் செய்ய வேண்டியது இருக்கிறது. இங்கே படிக்கிற பலரும் என்னை மாதிரி வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள். சான்றிதழை வாங்கிப் பார்த்து 'இது சரி' என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இ-சேவையிலிருந்து டவுன்லோடு செய்த ஃபைலை அப்படியே, பெயரை மட்டும் மாற்றி, இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றினால் கையொப்பத்துக்கு ஒன்றும் ஆகாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட்டாக வேண்டாம். அமுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நகலை அமுக்குங்கள், ஒரிஜினல் மேல் கை வைக்காதீர்கள்.

பேரவைக்கு என் கோரிக்கை இது. நூலகத்தில் ஓரமாக இருக்கும் அந்த ஒரு சிஸ்டத்தில் லினக்ஸையும் பி.டி.எஃப்.சிக் கட்டளையையும் போட்டு, சி.சி.ஏ. வேர்ச் சான்றிதழை முறைப்படி சேர்த்து வைக்கலாம். கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் மாணவர்கள் இரண்டு பேர் சனிக்கிழமை மதியம் உட்கார்ந்தால் போதும், முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேர்க்கைக்கு விண்ணப்பிக்கப் போகும் மூன்றாமாண்டு அண்ணன்களும் அக்காக்களும் விண்ணப்பம் தொடங்குவதற்கு முன்பே ஒருமுறை வந்து பார்த்துவிடலாம். வரும்போது பென் டிரைவில் ஃபைலைக் கொண்டுவாருங்கள். லேமினேட் செய்த பிரிண்ட் பீரோவிலேயே இருக்கட்டும்.